வாஸ்து நாளுக்கு முன்னே மண்ணைப் பாருங்கள்!

வீடு கட்டத் தீர்மானித்ததும் நாம் முதலில் புரட்டுவது பஞ்சாங்கத்தைத்தான். வருடத்தில் எட்டு நாட்கள் வாஸ்து புருஷன் கண் விழிக்கிறார். அந்த ஒன்றரை மணி நேரத்தில், அவர் உணவருந்தித் தாம்பூலம் தரிக்கும் கடைசி 36 நிமிடங்களே மனை முகூர்த்தத்துக்கு உகந்தவை. இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால், பூஜை போடும் அந்த மண் எப்படிப்பட்டது என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

நெல்லைக்குப் போனால் குறுக்குத்துறை முருகனை அவசியம் தரிசியுங்கள். தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே பாறை மீது அமைந்த கோயில். திருச்செந்தூர் மூலவரின் திருமேனி இந்தத் துறைப் பாறையில் வடிக்கப்பட்டது என்பது ஐதீகம். வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரையும் உண்டியலையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுவார்கள். 2023 டிசம்பர் பெருவெள்ளத்திலும் கோயில் மூழ்கியது. நீர் வடிந்ததும் நின்ற இடத்திலேயே நின்றது. அடியில் பாறை, வெள்ளம் மோதும் பக்கத்துச் சுவரோ படகின் முனை போலக் கூர்மையானது. எல்லாம் முருகன் அருள்தான். அந்த அருள், இடம் பார்த்துக் கட்டிய ஸ்தபதியின் கண் வழியாகவும் வந்திருக்கிறது!

நம் மனையில் பாறைக்கு எங்கே போவது? ஆற்றையொட்டிய மனைகள் பல, முன்பு வயலாக இருந்தவை. மேலே கிராவல் கொட்டி நிரவினால் கெட்டியாகத்தான் தெரியும். அந்தக் கொட்டிய மண்ணை நம்பிக் கடைக்கால் போடாதீர்கள். அதையும் தாண்டி, இயற்கையான கெட்டி மண் வரும்வரை வானம் தோண்டச் சொல்லுங்கள்.

கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் இன்னும் பொல்லாதது. மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கூடவே வீட்டையும் தூக்கி இறக்கும். பூஜையறைக் கதவு சாத்த வராது, சுவரில் கோணலாக விரிசல் ஓடும். அங்கே வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் போக வேண்டும். அல்லது அடி அகன்ற பைல் இறக்க வேண்டும். எது என்பதை மண் பரிசோதனை செய்து இன்ஜினீயர் சொல்லட்டும். நகையை அடகு வைத்துக் கட்டும் வீட்டில், இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் வேண்டாமே!

வராஹமிஹிரர் தம் பிருஹத் சம்ஹிதையில் ஒரு சோதனை சொல்கிறார். ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், குறைந்தால் ஆகாது. குழியில் நீர் நிரப்பி, நூறு அடி நடந்து திரும்பி வந்து பார்க்கும் முறையும் உண்டு. நீர் குறையாதிருந்தால் நல்ல மனை. ஆனால், ஈரக் கரிசலிலும் நீர் சட்டென்று குறையாது! எனவே இதை மட்டுமே நம்பிவிடாதீர்கள்.

மனைக்கு அட்வான்ஸ் தருமுன் பக்கத்து வீட்டு அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: '2023 வெள்ளத்தில் இங்கே தண்ணீர் எதுவரை நின்றது?' அவர் சுவரில் கை வைத்துக் காட்டும் உயரத்துக்கும் மேலே உங்கள் வீட்டுத் தரை இருக்கட்டும்.