கூப்பிடுவதா, மெசேஜ் போடுவதா? குடும்பத்துக்கு உதவும் குறிப்புகள்

இரவில் கட்டணம் குறையட்டும் என்று எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்திருந்து பேசியவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். 2003 வரை செல்போனுக்கு வருகிற அழைப்புக்கும் நாம்தான் காசு கட்டினோம். அதனால் மணி அடித்தவுடன் வைத்துவிடுகிற மிஸ்டு காலிலேயே 'வந்து சேர்ந்துட்டேன்', 'கிளம்பிட்டேன்' எல்லாம் சொல்லி முடித்தோம். 2016-க்குப் பிறகு எவ்வளவு நேரம் பேசினாலும் தனிக் கட்டணம் இல்லை என்று ஆனது. பேச்சு மலிவான அந்த வருடங்களில்தான் குடும்பத்துக்குள் பேசுவது குறைந்து, தட்டி அனுப்புவது கூடிப்போனது.

எழுத்து கெட்டது, பேச்சு நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. செய்தியை வாங்கிக்கொள்கிறவருக்கு எது வசதி, எது இதம் என்று ஒரு நொடி யோசித்துவிட்டு போனைக் கையில் எடுத்தால் பல மனவருத்தங்கள் வராமலே போகும். அதற்கு உதவக்கூடியவை இவை.

1. வீட்டில் ஒவ்வொருவரிடமும் 'உங்களுக்கு எப்படிச் சொன்னால் வசதி, எந்த நேரம் வசதி' என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். கண்புரை அறுவைசிகிச்சை செய்துகொண்ட தாத்தாவுக்கு அழைப்புதான் சரி. காது மந்தமான அத்தைக்குப் பெரிய எழுத்தில் ஒரு வரி அனுப்பினால் அதுவே பெரிய நிம்மதி. போனில் கத்திக் கத்திப் பேசுவது அவருக்கும் கூச்சம், நமக்கும் களைப்பு. ஷிப்டில் வேலை பார்க்கிற மகனுக்கு மெசேஜ். வகுப்பெடுக்கும் மருமகளுக்கு மாலை நான்கரைக்கு மேல் அழைப்பு. கேட்டதை எழுதி, காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியிலேயே தொங்கவிடலாம். பெரியவர்களின் போனில் எழுத்தின் அளவைக் கூட்டிவைப்பதையும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

2. துக்கச் செய்தியை நெருங்கிய சொந்தங்களுக்குக் குரலில்தான் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவர் போய்விட்டதை, 'குட் மார்னிங்' படங்களுக்கு நடுவே குடும்பக் குழுவில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது. யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் நிதானமாக இருக்கும் இரண்டு மூன்று பேர் பிரித்துக்கொண்டு அழையுங்கள். அதற்குப் பிறகு குழுவில் போடுங்கள். அந்தப் பக்கம் இருப்பவர் வயதானவர், தனியாக இருக்கிறார் என்றால் முதலில் பக்கத்து வீட்டுக்கோ அவருடைய பிள்ளைக்கோ சொல்லி, ஒருவர் அருகில் போய் நின்ற பிறகு அவரிடம் பேசுங்கள்.

எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், எந்தத் தெரு, எந்த மயானம் என்பதையெல்லாம் மெசேஜில் அனுப்புங்கள். அழுதுகொண்டிருப்பவர் மனதில் மணியும் முகவரியும் நிற்காது.

துக்கம் விசாரிப்பதும் அப்படித்தான். கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று நெருங்கியவர்கள் விட்டுவிடக் கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகுதான் வீட்டில் வெறுமை தெரியும். அந்த வாரத்தில் ஒருநாள் கூப்பிட்டு, 'சாப்பிட்டீங்களா' என்று தொடங்கி, அவர் பேசும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்.

3. எண் இருக்கிற எதையும் எழுத்தில் அனுப்புங்கள். எழுபதும் எண்பதும் போனில் ஒன்றுபோலவே காதில் விழும். மருந்தின் பெயர், அளவு, ரயில் பி.என்.ஆர்., வங்கிக் கணக்கு எண், கதவிலக்கம் எல்லாம் இந்த வகை. மருந்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டையும் மாத்திரை அட்டையையும் படமெடுத்து அனுப்புவது உத்தமம். கொத்தனார், பெயின்டர், சமையல்காரர் ஆகியோரிடம் பேரம் பேசுவது குரலில் இருக்கட்டும். பேசி முடித்த கையோடு, 'அண்ணே, நாம பேசினபடி கூலி இவ்வளவு, பொருள் உங்களுது, வெள்ளிக்கிழமை ஆரம்பம்' என்று ஒரு வரி அனுப்பி, அவரிடமிருந்து 'சரி' வாங்கிக்கொள்ளுங்கள். இதில் நம்பிக்கைக் குறைவு எதுவும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் மறதியிலிருந்து ஒரு பாதுகாப்பு.

4. சண்டையை எழுத்தில் போடாதீர்கள். கோபத்தில் மூன்றாவது பதிலைத் தட்ட ஆரம்பிக்கிறீர்கள் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள், அல்லது மறுநாள் வரை பொறுங்கள். எழுத்தில் முகம் தெரியாது, குரல் தழுதழுப்பது தெரியாது. படிக்கிறவர் தன் மனநிலைக்கு ஏற்ற குரலைத் தானே அதற்குக் கொடுத்துக்கொள்வார். எதிரில் கதை கேட்பவர் 'ம்' கொட்டக் கொட்டத்தான் சொல்பவருக்கு உற்சாகம் வரும். அதே 'ம்' திரையில் தனியாக வந்து விழுந்தால், 'போதும், நிறுத்து' என்றுதான் படுகிறது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி செல்ட்சர் குழுவினர் ஓர் ஆய்வு நடத்தி 2012-இல் வெளியிட்டார்கள். பலர் முன்னிலையில் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்திய சிறுமிகளில் சிலரைத் தாயிடம் பேசவிட்டார்கள், சிலரை எழுத்தில் மட்டும் உரையாடவிட்டார்கள். தாயின் குரலைக் கேட்டவர்களுக்குப் பதற்றத்தின்போது கூடும் கார்ட்டிசால் குறைந்து, பாச உணர்வோடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் கூடியது. எழுத்தில் பேசியவர்களோ, தாயோடு தொடர்பே இல்லாமல் இருந்தவர்களைப் போலத்தான் இருந்தார்கள். ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளை 'ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கேன்' என்று தட்டி அனுப்பினால், நீங்கள் ஒருமுறை கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. வாய் திறந்தாலே அழுகை வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் முதலில் எழுதட்டும். நாம் பேசி முடித்துவைக்கலாம்.

5. 'உடனே போன் பண்ணு' என்று மொட்டையாக அனுப்பாதீர்கள். வேலையில் இருப்பவருக்குத் திரும்பக் கூப்பிடும்வரை நெஞ்சு படபடக்கும். 'அவசரம் இல்ல, சிலிண்டர் விஷயம், சாயந்திரம் கூப்பிடு' என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். நீங்களே கூப்பிடும்போது முதல் வாக்கியமே 'எல்லாரும் நல்லா இருக்கோம், சும்மாதான் கூப்பிட்டேன்' என்று இருக்கட்டும். இளைஞர்கள் பலர் திடீரென்று வரும் அழைப்புக்குப் பயப்படுவது திமிரால் அல்ல. வழக்கமான செய்தி எல்லாம் எழுத்தில் வந்துவிடுவதால், மணி அடித்தாலே ஏதோ விபரீதம் என்று அவர்கள் மனம் பழகிவிட்டது. 'பேச நேரம் இருக்கா?' என்று முன்கூட்டி ஒரு வரி அனுப்பினால் போதும்.

6. பல வருடம் பேசாத தோழிக்கு மெசேஜ் வேண்டாம், கூப்பிடுங்கள். 'என்ன பேசுவது, சங்கடமாக இருக்குமே' என்ற தயக்கம் எல்லோருக்கும் வருவதுதான். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோது, பழைய நட்பைப் புதுப்பிக்கக் குரலில் பேசியவர்கள் எழுதியவர்களைவிட அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். அவர்கள் பயந்த சங்கடமும் பெரிதாக வரவில்லை.

7. வாய்ஸ் மெசேஜ், தட்டத் தெரியாத பெரியவர்களுக்குக் கிடைத்த வரம். 2013-இல் வாட்ஸ்அப்பில் இந்த வசதி வந்த பிறகுதான் பல பாட்டிகள் தாங்களே செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். ஆனால் அதற்கும் ஒழுங்கு வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள், விஷயத்தை முதலிலேயே சொல்லுங்கள், தேதியும் தொகையும் இருந்தால் கூடவே ஒரு வரி எழுதுங்கள். பேருந்திலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்காதீர்கள். அனுப்பியவரின் அந்தரங்கம் அது.

வீட்டுப் பெரியவர்களின் பதிவுகளில் சிலவற்றைத் தனியாகச் சேமித்து வையுங்கள். போன் மாற்றும்போது முதலில் தொலைந்துபோவது இவைதான். வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று அம்மா தன் வாயால் சொன்னது எந்தச் சமையல் புத்தகத்திலும் இருக்காது.

8. தமிழில் எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் பழம், பலம், பாலம் மூன்றும் ஒரே மாதிரி கிடக்கும். படிக்கிற பெரியவர் திணறுவார். கைபேசியில் தமிழில் எழுத 2005-லேயே செல்லினம் என்ற செயலி வந்துவிட்டது. 2017-இலிருந்து கூகுள் விசைப்பலகையில் தமிழில் பேசினாலே எழுத்தாகிறது. அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் அது அடிக்கடி மாற்றிவிடும்.

9. கல்யாணப் பத்திரிகையைப் படமாக அனுப்பினால் அழைத்ததாக ஆகாது. நேரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியவர்கள் யார் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். அந்தப் பட்டியலைச் சுருக்காதீர்கள். தொலைவில் இருப்பவர்களிடம் முதலில் பேசி, வீட்டில் எல்லோர் பெயரையும் சொல்லி அழைத்துவிட்டு, பிறகு படத்தையும் மண்டபத்தின் லொகேஷனையும் அனுப்புங்கள்.

10. குடும்பக் குழுவில் வருகிற பார்வேர்டுகளை மேற்கொண்டு அனுப்பும் முன் நிறுத்தி யோசியுங்கள். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியை, குழந்தை கடத்த வந்தவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். அந்த நாட்களில் அப்படியொரு வதந்தி போனுக்குப் போன் பரவிக்கொண்டிருந்தது. நாட்டின் பல இடங்களில் இதுபோல் உயிர்கள் போன பிறகுதான், வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் பார்வேர்டு செய்ய முடியாதபடி அந்த ஆண்டு வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்படுத்தியது. மாமாவோ சித்தப்பாவோ தவறான செய்தி போட்டுவிட்டால் குழுவில் எல்லோர் முன்னாலும் திருத்தாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, 'சித்தப்பா, இது பழைய வீடியோ, எடுத்துடுங்களேன்' என்று சொன்னால் அவரும் எடுத்துவிடுவார், மனமும் கோணாது.

11. மழை, வெள்ளம், புயல் நேரத்தில் பழைய எஸ்.எம்.எஸ்.ஸை மறக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் போன்கள் ஓய்ந்துபோனதை அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அழைப்புக்கு லைன் தொடர்ந்து கிடைக்க வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸுக்குச் சில நொடி சிக்னல் போதும். அந்தப் பக்கம் போன் அணைந்திருந்தாலும் நிறுவனத்தின் கணினியில் காத்திருந்து, பிறகு போய்ச் சேர்ந்துவிடும். இணையமும் தேவையில்லை. தமிழில் எழுதினால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 70 குறிகள்தான் அடங்கும், ஒற்றும் கொம்பும் தனிக் கணக்கு. ஆகவே 'எல்லோரும் மாடியில், நலம், தண்ணீர் முழங்கால் அளவு' என்று சுருக்கமாக எழுதுங்கள். சார்ஜும் மிஞ்சும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எழுதிக்கொண்டிருக்காமல் 112-ஐயோ 108-ஐயோ கூப்பிடுங்கள்.

12. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் ஊர் நேரத்தைப் போனின் கடிகாரத்தில் சேர்த்துவிடுங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். லண்டனும் டொராண்டோவும் கோடையில் ஒரு கணக்கு, குளிர்காலத்தில் ஒரு கணக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரல் பதிவும் போகும், அழைப்பு பொதுவாகப் போகாது. அங்கே அனுமதி உள்ள போட்டிம் போன்ற செயலியை இங்கேயும் போட்டுவைத்தால், 'பிள்ளை கூப்பிடவே மாட்டேங்கிறான்' என்ற குறை தீரும்.

13. பணம் கேட்டு எந்த மெசேஜ் வந்தாலும் குரலைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். 'அம்மா, என் போன் உடைஞ்சிடுச்சு, இது புது நம்பர்' என்று வந்தால், மகனின் பழைய எண்ணுக்கே கூப்பிடுங்கள். இப்போது குரலையும் போலியாகச் செய்கிறார்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு அடையாளச் சொல்லைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள், பழைய வீட்டு நாயின் பெயர் மாதிரி. எந்தப் போலீஸும் வீடியோ காலில் கைது செய்வதில்லை. வங்கி, காப்பீட்டு நிறுவனங்களின் அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையும், விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்குபவற்றையும் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த எண்ணிலிருந்து வந்தாலும் ஓ.டி.பி. சொல்லக்கூடாது. யாரோ சொன்னார்கள் என்று நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண் எதையும் அழுத்தாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்கள் போனுக்குத் திரும்பிவிடக்கூடும். அப்படி ஆகியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ##002# அழுத்தினால் ரத்தாகிவிடும். பணம் போய்விட்டது தெரிந்த நொடியே 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

14. பிள்ளைகளுக்குப் போனில் பேசச் சொல்லிக்கொடுங்கள். பொம்மைப் படங்களை வரிசையாக அனுப்பும் பத்து வயதுப் பிள்ளைகளில் பலருக்கு, வந்த அழைப்பை எடுத்து 'அப்பா குளிக்கிறாங்க, நீங்க யார் பேசறீங்க?' என்று கேட்கத் தெரிவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை தாத்தா பாட்டிக்கு அவர்களையே எண்ணை அழுத்திக் கூப்பிடச் சொல்லுங்கள். பெயர் சொல்லித் தொடங்கவும், முடிக்கும்போது 'வெச்சிடட்டுமா தாத்தா' என்று கேட்டுவிட்டு வைக்கவும் பழக்குங்கள். பக்கத்தில் நின்று, 'இதைச் சொல்லு, அதைச் சொல்லு' என்று எடுத்துக்கொடுக்காதீர்கள். அப்பா, அம்மா எண்கள் இரண்டும் பார்க்காமல் சொல்லத் தெரிய வேண்டும். அவற்றோடு 112-ஐயும் சேர்த்துப் பள்ளி டைரியின் உள்ளட்டையில் பேனாவால் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.