உடன்பயிலுங் காற்கூறு

கல்வி ஆசிரியர் ஒருவரானே நிரம்புவதன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்துள், ஆசான் உரைத்ததைச் செவ்விதின் உட்கொண்ட மாணாக்கனுக்கும் புலமையிற் காற்கூறே எய்துமென்றும், உடன்கற்பாரோடு பயிலுதலால் மற்றொரு காற்கூறு சேருமென்றும், பிறர்க்கு எடுத்துரைக்குமிடத்து எஞ்சிய பாதியும் நிரம்புமென்றும் வகுத்துரைத்தார். இவற்றுள் நடுநின்ற காற்கூறு எங்கள் நீலகிரி மலையிற் கற்பார்க்கு நெடுங்காலம் அரிதாயிருந்தது. அஃது இக்காலத்து இணையவழியே எய்துமாற்றினை ஈண்டு ஆராய்வாம்.

1964-ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையுஞ் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்தாருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாறு தாயகந் திரும்பினாருட் பலர் இம்மலையிற் குடியேறினர். அவர்க்குத் தொழில் நல்குதற்பொருட்டு அரசு 1968-இல் தேயிலை பயிரிடத் தொடங்கி, 1976-இல் டான்டீ எனப்படுந் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தை நிறுவிற்று. உறவினர் கடலுக்கு அப்பாலும் இப்பாலுமாகப் பிரிந்தனர். தோட்டத்து லைன் வீடொன்றிற் சித்தாந்தங் கற்க விழையும் பிள்ளை ஒன்றிருப்பின், உடன்கற்பாரை அஃது எங்ஙனம் பெறும்?

நூல் கிடையாமை இன்று பெருங்குறையன்று. 1998-ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாட்டுத் தமிழன்பர் ஊதியங் கருதாது பழநூல்களைத் தட்டச்சுச் செய்தும் பிழைதிருத்தியும் இணையத்தில் ஏற்றினர். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகந் தோன்றி, பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர்பெற்றுத் தொண்டாற்றி வருகின்றது. எனினும், நூல் பெறுதல் வேறு, பாடங்கேட்டல் வேறு.

யாம் குன்னூரிலிருந்து ஞாயிறுதோறும் இரவு ஏழரை மணிக்கு இணையவழியே சிவஞானபோதம் பாடஞ்சொல்லி வருகின்றோம். கோத்தகிரித் தோட்டத்து மாணவி ஒருத்தியும், இலங்கை ஹட்டனிலிருந்து ஒருவரும், கோலாலம்பூரிலிருந்து ஒருவரும், கனடாவின் டொரன்டோவிலிருந்து ஓர் இளைஞருங் கேட்கின்றனர். ஹட்டனில் அப்பொழுது எமக்குற்ற இரவே, கோலாலம்பூரில் மணி பத்து, டொரன்டோவிலோ காலைப்பொழுது.

முதற் சூத்திரம் உலகினை மூவகைச் சுட்டுப்பெயரால் எடுத்தோதுகின்றது. அதனை விளக்குங்கால், சுட்டெழுத்து மூன்றனுள் உகரச்சுட்டு உலகவழக்கில் ஒழிந்ததென்றோம். நாற்பதாண்டாக அங்ஙனமே கற்பித்து வந்தோம். டொரன்டோ இளைஞர் பணிவுடன், “ஐயா, யாழ்ப்பாணத்திலே பிறந்த எங்கள் அப்பாச்சி இப்போதும் ‘உதை எடு, உங்கை வை’ என்றுதான் சொல்லுவா. கேட்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் பொருளை அப்படிச் சொல்வது எங்கள் வழக்கம்” என்றார். எமக்கு நாணமும் உவகையும் ஒருங்கே தோன்றின. ஏட்டில் மட்டும் உளதென்று யாங் கருதியிருந்த எழுத்து, ஒரு மூதாட்டியின் நாவில் உயிரோடிருந்தது. உடன்பயிலுங் காற்கூறென்பது இதுவே; அன்று அது மாணாக்கர்க்கேயன்றி ஆசிரியனுக்கும் எய்திற்று.

பிறிதொரு நாட் பெருமழையால் எம் இணைப்பு அறுந்தது. சிறிது பொழுது கழித்து மீண்டபோது, பாடம் நின்றிலது. கோத்தகிரி மாணவி ஏனையோர்க்கு முக்காரணம் உரைத்துக்கொண்டிருந்தாள். யாங் கூறிய குடமும் மண்ணும் அவள் வாயில் இல்லை. “பச்சைக் கொழுந்து முதற்காரணம், அதை உருட்டும் இயந்திரம் துணைக்காரணம், பக்குவம் அறிந்து தூளாக்குகிறவர் நிமித்த காரணம். கொழுந்து தானே தூளாகாது, மாயையும் அப்படியே, தானே உலகமாகாது” என்றாள். யாம் இடைபுகாது கேட்டிருந்தோம். எஞ்சிய பாதியும் அவளிடத்து நிரம்பத் தொடங்கியமை கண்டோம்.

அற்றேல், இணையவழிக் கேள்வி குருமுகக் கல்வியோடு ஒக்குமோ எனின், முற்றும் ஒவ்வாது. தீக்கை நேர்நின்று பெறற்பாலது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என்னும் நான்கனுள், கேட்டற்கு இணையம் வாயிலாம். சிந்தித்தற்கு உடன்கற்பார் துணையாவர். தெளிதலும் நிட்டையும் அவரவர் தனித்து முயன்று அருளாற் பெறற்பாலன. கருவியை மூடிய பின்னரே அம்முயற்சி தொடங்கும். பாடங்கேட்ட மாத்திரையே கற்றோமென்று அமைவார்க்கு முதற் காற்கூறும் நிலையாது.

ஆதலின், பாடஞ்சொல்லும் அன்பர்க்கு ஒன்று கூறுதும். மாணாக்கரைச் சிலராகவே சேர்மின். வெவ்வேறு ஊரினராகச் சேர்மின். நாலு பாடத்திற்கு ஒருமுறையேனும் நீவிர் வாளாவிருந்து, அவருள் ஒருவரை உரைக்கச் செய்ம்மின். அவர் பிழைபடின் உடன்கற்பார் திருத்துவர்; நீவிர் பிழைபடினும் அவரே திருத்துவர். அதற்கு நாணாத ஆசிரியனிடத்தே கல்வி வளரும்.