ஊகிக்கவொண்ணா எண்கள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. கடைசல் யந்திரங்களின் ஓசைக்குப் பேர்போன அவ்வூரில் இன்று ஆளரவமற்ற தரவு மையங்களும் எழுந்துள்ளன. அவற்றுள் அடுக்கடுக்காய் நிற்கும் கணினிகளுக்கு இடையறாது வேண்டப்படுவது ஒன்றுண்டு. அஃதாவது, பிறர் எவராலும் ஊகிக்கவொண்ணாத எண். வங்கிக் கணக்கைக் காக்கும் மறைசாவி அத்தகைய எண்ணினின்றே பிறக்கின்றது. எண்ணை ஒருவன் ஊகித்துவிடுவானாயின் பூட்டு இருந்தும் பயனில்லை.

கணினியோ விதி பிறழாத யந்திரம். ஆதலின் இயங்குதளமானது ஒழுங்கின்மையைப் புறத்தே தேடுகின்றது. விசைப்பலகை தட்டப்படும் நேரம், வட்டு சுழன்று விடை தரும் நேரம் முதலியவற்றின் நுண்ணிய வேறுபாடுகளைத் திரட்டி ஒரு குளத்திற் சேர்க்கின்றது. அக்குளத்தில் எவ்வளவு உளது என்று மதிப்பிடுவதையே ஈண்டு நாம் ஆராயப் புகுந்தோம். அவ்வளவுக்கு என்ட்ரோபி என்று பெயர். 1948இல் கிளாட் ஷானன் அதற்குக் கணித வடிவம் தந்தார். நேர்மையான நாணயத்தை ஒருமுறை சுண்டினால் ஒரு பிட். நான்கில் மூன்று முறை தலையே விழும் நாணயமாயின், ஷானன் கணக்கில் 0.81 பிட். ஆயினும் எதிரி எப்பொழுதும் ‘தலை’ என்றே சொல்லுவான் அன்றோ? அவன் நிலையினின்று கணக்கிட்டால் 0.42 பிட்டே தேறும். காவல் கருதுவோர் கொள்ளவேண்டியது இச்சிறிய எண்ணையே.

லினக்ஸ் இயங்குதளம் நெடுங்காலம் கையாண்ட முறை எளியது. நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட காலம், அவ்விடைவெளிகளின் வேறுபாடு, அவ்வேறுபாடுகளின் வேறுபாடு என்னும் மூன்றனுள், குறி நீக்கிச் சிறியதைக் கொண்டு பிட் வரவு வைக்கும். அரக்கோணம் மார்க்கத்து மின்ரயிலைக் கொண்டு விளக்குவோம். அம்பத்தூர் நிலையத்துக்கு 12 நிமிடத்துக்கொரு வண்டி வருமென்று கொள்க. இடைவெளி 12, 12, 12, வேறுபாடு 0, ஆகவே வரவும் இல்லை. நன்று. இனி இடைவெளி 5, 17, 5, 17 என மாறிமாறி வரட்டும். வேறுபாடு 12, அதன் வேறுபாடு 24. சிறியது ஒருகால் 5, ஒருகால் 12. அதற்கேற்ப 2 அல்லது 3 பிட் வரவாகும். கால அட்டவணையைக் கையில் வைத்திருப்பவனுக்கோ அவ்வண்டிகளில் வியப்பு ஏதுமில்லை. அவன் திறத்து என்ட்ரோபி சுழியமே! எதிரி அறியாதது எவ்வளவு என்பதே நாம் அளக்கவேண்டியது. எதிரியைக் காணாத யந்திரம் அதனை அளப்பது எங்ஙனம்?

குளம் நிறையுமுன் மொள்வதன் கேடு 2012இல் வெளிப்பட்டது. விசைப்பலகையும் சுழல்வட்டும் இல்லாத ரவுட்டர் முதலிய சிறு கருவிகள், மின்சாரம் பாய்ந்தவுடனேயே சாவி செய்துகொண்டன. நாடியா ஹெனிங்கர் முதலிய நால்வர் இணையத்துப் பொதுச்சாவிகளைத் திரட்டி அவற்றிடையே மீப்பெரு பொதுவகுத்தி கண்டனர். யூக்ளிட் காலத்துக் கணக்குத்தான். ஒரே பகா எண்ணைப் பல சாவிகள் பகிர்ந்திருந்தன. டி.எல்.எஸ். வழங்கிய கணினிகளுள் நூற்றுக்கு 0.50 பங்கின் மறைசாவி அவ்வழியே புலனாயிற்று.

அளவு குறைந்ததென்று கருதினால் எண் தராது காத்துநிற்பதும் லினக்ஸின் பழைய வழக்கம். 2020இல் வந்த 5.6ஆம் பதிப்பு அதனை மாற்றியது. தொடக்கத்தில் ஒருமுறை நிறைந்துவிட்டால் பின்னர் நிறுத்துவதில்லை. மறையெழுத்து முறை செவ்விதாயின், எதிரி அறியாத ஒரு சிறு வித்தினின்று எத்துணை எண்களையும் எடுக்கலாம். எடுப்பதனால் வித்து குறைவதில்லை. குளம் என்னும் உவமை இவ்விடத்தில் நமக்கு உதவாது.

தரவு மையங்களுக்கே உரிய இடர் இன்னொன்று உளது. ஓர் உருவினின்று படியெடுத்த இரு மெய்நிகர்க் கணினிகள் குளத்தையும் படியெடுத்தே பிறக்கின்றன. அடுத்து அவை தரும் எண்கள் ஒன்றாகவே இருத்தல் கூடும். படி பிறந்ததை உணர்த்தும் அடையாள எண்ணைக் கண்டவுடன் குளத்தைப் புதிதாகக் கலக்கும் ஏற்பாடு, 2022இல், 5.18ஆம் பதிப்பில் சேர்ந்தது.