முகாமுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் முன்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மஹல்லா இளைஞர்களையும் மதரஸா மாணவர்களையும் மூன்று நாள் முகாமுக்குக் கொடைக்கானல் அல்லது ஊட்டிக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. நல்ல வழக்கம். பேருந்து, சாப்பாடு, சொற்பொழிவாளர் எல்லாம் முன்கூட்டியே முடிவாகிவிடும். தங்கப்போகும் விடுதியைப் பற்றி மட்டும், "நாற்பது பேருக்கு இடமிருக்காம், பேசியாச்சு" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பதே இந்தப் பாடம். அழைத்துச் செல்லும் பொறுப்பாளர்களுக்கும், அனுப்பிவைக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

இளைஞர் விடுதி என்ற ஏற்பாடு எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் விதிகள் புரியும். 1909-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது கடும் மழையில் சிக்கினார். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் மீது படுத்து இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் சும்மா கிடக்கும் கட்டடங்களைப் பயணம் செய்யும் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் கொடுக்கலாமே என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு உதித்தது. கட்டணம் குறைவு என்பதால் வேலைக்காரர்கள் கிடையாது. வந்தவர்களே படுக்கையை மடிக்க வேண்டும், கூடத்தைக் கூட்ட வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். இன்றும் இளைஞர் விடுதிகளில் இந்த விதிகள் இருப்பதற்கு இதுதான் காரணம். "காசு கொடுத்துத்தானே தங்குகிறோம்" என்று பிள்ளைகள் முணுமுணுத்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இடம் பதிவு செய்யும் முன் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து வருவது நல்லது. கட்டில்களை எண்ணுவதை விடக் குழாய்களையும் கழிப்பறைகளையும் எண்ணுவது முக்கியம். நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டே கழிப்பறை, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் கடைசிப் பிள்ளை உள்ளே போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் ஃபஜ்ருடைய நேரம் போய்விடும். நான்கு கழிப்பறைகளாவது இல்லாத இடத்துக்கு நாற்பது பேரோடு போகாதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

தண்ணீருக்கும் ஒரு கணக்கு உண்டு. நிமிடத்துக்கு ஆறு லிட்டர் விழும் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவைத்து ஒருவர் உளூ செய்தால் பன்னிரண்டு லிட்டர். நாற்பது பேருக்கு ஒரு வேளைக்கு 480 லிட்டர். ஐந்து வேளைக்கு 2,400 லிட்டர். ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு வேளைக்கே காலியாகிவிடும். குளிப்பும் சமையலும் இன்னும் கணக்கில் வரவில்லை. நபி (ஸல்) அவர்கள் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் ஒரு 'முத்' அளவு தண்ணீரில் உளூ செய்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லிட்டர் குவளை கொடுத்துவிடுங்கள். 480 லிட்டர் போன இடத்தில் 40 லிட்டர் போதும். கோடையில் மலையூர் விடுதிகள் லாரித் தண்ணீரை நம்பியிருப்பதும் உண்டு. நாம் கொட்டும் தண்ணீர் அடுத்து வரும் குழுவுக்கு உரியது.

குடிநீர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி வந்ததும் இறக்கிவிடாமல் மூன்று நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். சோறு வேகவும் கூடுதல் நேரம் பிடிக்கும். நம் ஊர் பிரியாணிக் கணக்கில் தம் போட்டால் அரிசி நறுக்கென்று நிற்கும். விடுதியில் சமைக்க அனுமதி உண்டா, இறைச்சி எங்கிருந்து வாங்குகிறார்கள் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் இரண்டு நாள் பருப்பும் முட்டையும் சாப்பிடுவதால் யாரும் மெலிந்துவிட மாட்டார்கள்.

இந்தப் பாடத்தில் மற்ற எதை மறந்தாலும் அடுத்து வருவதை மறக்கக் கூடாது. மலையில் இரவுக் குளிர் அதிகம். குளிர்காய்வதற்காகக் கரி அடுப்பையோ, இறைச்சி சுட்ட கனலையோ அறைக்குள் கொண்டுவந்து கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் நம் மலையூர்களிலிருந்தே வந்திருக்கின்றன. கனன்றுகொண்டிருக்கும் கரியில் சுவாலையும் இல்லை, புகையும் அதிகம் இல்லை. அதனால் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. இரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம். தூங்குகிறவருக்கு இவை எதுவுமே தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். காற்றோட்டமில்லாத குளியலறையில் இருக்கும் கேஸ் ஹீட்டரிலும் இதே ஆபத்து இருக்கிறது. ஹீட்டர் வெளியே பொருத்தப்பட்டிருக்கிறதா, குளியலறையில் அடைக்க முடியாத காற்றுத்திறப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் பிள்ளைகளை உள்ளே அனுப்பாதீர்கள். யாருக்காவது தலைசுற்றல் வந்தால் உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பிடித்து எரிந்தபோது, உறங்கப் போகும் முன் நெருப்பை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை இரவு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கூடுதலாக ஒரு கம்பளி எடுத்துப் போனால் கனலுக்கே வேலையில்லை.

வெளியே மூட்டும் நெருப்புக்கும் விதி உண்டு. சரணாலயத்துக்குள் தீ மூட்டுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விடுதி வளாகத்துக்குள்ளும் காப்பாளர் காட்டிய இடத்தில்தான் மூட்டலாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது நினைவிருக்கும். அதே ஆண்டில் மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. வனத்துறை அனுமதியில்லாத பாதையில், "சும்மா ஒரு கிலோமீட்டர் நடந்து வருவோம்" என்று யார் கூப்பிட்டாலும் பொறுப்பாளர் மறுத்துவிட வேண்டும்.

சொந்த வண்டியிலோ வாடகை வேனிலோ போகிறவர்கள் 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு அங்கே தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோகட்டும்.

மூன்று பேர் பயணம் போனால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாற்பது பேருக்கு ஒரு அமீர் மட்டும் போதாது. பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், இரண்டிரண்டு பிள்ளைகளுக்கு ஒருவருக்கொருவர் துணை என்று பிரித்துவிடுங்கள். தலையை எண்ணுவதை விட எண் சொல்லவைப்பது நல்லது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால் யார் இல்லை என்பதும் உடனே தெரிந்துவிடும். வண்டி ஏறும்போதும், ஏரிக்கரையிலிருந்து திரும்பும்போதும், இஷாவுக்குப் பின் படுக்கும் முன்பும் எண்ண வேண்டும்.

பெண் பிள்ளைகள் போகும் முகாமென்றால் தங்குமிடமும் கழிப்பறையும் தனியாக, உள்ளே தாழ்ப்பாளோடு, கூடவே தங்கும் பெண் பொறுப்பாளர்களோடு இருக்க வேண்டும். ஆண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு தேவையில்லை என்று நினைப்பதும் தவறு. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரையும் காக்கிறது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பதை முகாம் விதியாகவே எழுதிவைக்க வேண்டும். அவர் ஆலிமாக இருந்தாலும் சரி, நன்கொடையாளராக இருந்தாலும் சரி. ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால் ஊர் மானம் பார்த்து மூடிவைக்கக் கூடாது. காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளே மனப்பாடம் செய்திருக்கட்டும்.

தொழுகையில் வரும் கேள்விகளைக் கிளம்பும் முன்பே ஆலிமிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்வது நல்லது. பயணத் தூரம் இருந்தால் மூன்று நாள் முகாமில் லுஹர், அஸர், இஷாவைக் கஸ்ராகத் தொழ ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபிலும் இடமுண்டு. இரண்டு தொழுகைகளைச் சேர்த்துத் தொழும் ஜம்உ ஷாஃபி மத்ஹபில் பயணத்தில் கூடும், ஹனஃபியில் ஹஜ்ஜின் அரஃபா, முஸ்தலிஃபா தவிரக் கூடாது. ஒரே குழுவில் இரண்டு மத்ஹபுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அங்கே போய் வாதாட வேண்டாம். உள்ளூர் பள்ளிவாசலில் ஊர்க்கார இமாமைப் பின்பற்றினால் எல்லோருக்கும் நான்கு ரக்அத்துதான்.

பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் தாளில் பிள்ளையின் ஒவ்வாமை, வீசிங், வலிப்பு, தினசரி மருந்து, இரத்தப் பிரிவு ஆகியவை இருக்கட்டும். அதன் பின்பக்கத்தில் விடுதிக் காப்பாளர் எண், வண்டி எண், அருகிலுள்ள அரசு மருத்துவமனை ஆகியவற்றை எழுதி ஒரு படியை வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். விடுதியைக் காலி செய்யும் நாளில் போர்வைகளை எண்ணி ஒப்படைத்து, உடைந்தது எதுவானாலும் நாமே சொல்லி, முன்பணத்துக்கு ரசீது வாங்கிக்கொண்டு, குப்பையை நம் மூட்டையிலேயே மலையிறக்கிக் கொண்டுவர வேண்டும்.