மாற்றுச் சமூக வலைத்தளங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் நிறுவனத்தை ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கியதும், விளம்பரம் இல்லாததும் ஒரே முதலாளியின் கைக்குள் அடங்காததுமான மாஸ்டடான் என்னும் வலையமைப்பை நோக்கிப் பெருங்கூட்டம் நகர்ந்தது. அக்டோபரில் ஏறத்தாழ 3 லட்சமாக இருந்த அதன் மாதாந்தரப் பயனர் எண்ணிக்கை நவம்பரில் 25 லட்சமாக உயர்ந்ததாக அதன் நிறுவனர் ஓய்கன் ரோச்கோ அறிவித்தார். அவ்வாறு வந்தவர்களில் கணிசமானோர் அடுத்த சில மாதங்களில் அங்கே எழுதுவதை நிறுத்திவிட்டனர். வணிகத் தளங்களின் கேடுகள் அனைத்துக்கும் இவ்வகை மாற்றுகளே தீர்வு என்று ஒரு சாராரும், இவை தொழில்நுட்ப ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று மற்றொரு சாராரும் வாதிட, இரு தரப்பிலும் சில நம்பிக்கைகள் கேள்விக்கு உட்படாமலே நிலைபெற்றுவிட்டன. அவற்றுள் ஏழு இங்கே ஆராயப்படுகின்றன.

நம்பிக்கை 1: மாற்றுத் தளங்கள் அண்மைக்காலக் கோபத்தில் பிறந்தவை.

உண்மை: சமூகத்தை மையமாகக் கொண்ட இணைய உரையாடல், ஃபேஸ்புக்குக்கும் ட்விட்டருக்கும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூத்தது. ஸ்டூவர்ட் பிராண்டும் லாரி பிரில்லியன்ட்டும் 1985இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ‘தி வெல்’ என்னும் கணினிவழி உரையாடல் மன்றம், உறுப்பினர் செலுத்திய கட்டணத்தில் இயங்கியது. எழுதியவற்றுக்கு எழுதியவரே பொறுப்பு என்பது அங்கே அடிப்படை விதியாக இருந்தது. 2008இல் இவான் புரோட்ரோமூ ‘ஐடென்டிகா’வைத் தொடங்கினார், 2010இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் நால்வர் பொதுமக்களிடம் ஏறத்தாழ 2 லட்சம் டாலர் திரட்டி ‘டயஸ்போரா’வை உருவாக்க முனைந்தனர், 2016இல் ஜெர்மனியில் மாஸ்டடான் வெளிவந்தது.

இம்முயற்சிகளை ஒரு வலைக்குள் இணைத்தது ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறையாகும். நெறிமுறை என்பது வெவ்வேறு கணினிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான பொது விதித்தொகுப்பு. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதனை 2018 ஜனவரியில் தரநிலையாக ஏற்றது. ஜிமெயிலில் கணக்கு வைத்திருப்பவர் யாஹூ கணக்கு வைத்திருப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்ப முடிவதைப் போல, இந்நெறிமுறையைப் பின்பற்றும் எந்தச் சேவையகத்தில், அதாவது கணக்குகளையும் பதிவுகளையும் தாங்கி நிற்கும் எந்தக் கணினியில், கணக்கு வைத்திருப்பவரும் மற்றொரு சேவையகத்தில் இருப்பவரைப் பின்தொடர முடியும். இவ்வாறு இணைந்த சேவையகங்களின் தொகுதியே ஃபெடிவெர்ஸ் எனப்படுகிறது.

நம்பிக்கை 2: சமூக ஊடகத்தை முற்றிலும் கைவிடுவதே நலம், மாற்றுத் தளத்துக்கு அவசியமே இல்லை.

உண்மை: 2018ஆம் ஆண்டின் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முந்தைய நான்கு வாரங்களுக்கு ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைக்கும்படி ஒரு குழுவினருக்குப் பணம் கொடுத்து, ஹன்ட் ஆல்காட் முதலான பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வில், அக்குழுவினரின் மனநிறைவு சிறிதளவு உயர்ந்தது, நண்பருடனும் குடும்பத்தினருடனும் நேரில் செலவிட்ட பொழுது கூடியது, அரசியல் துருவமயம் குறைந்தது. ஆனால் அதே குழுவினரின் நாட்டு நடப்பு அறிவும் குறைந்தது. தளத்தைத் துறப்பவர் தீமையோடு சேர்த்துப் பயனையும் இழக்கிறார் என்பதால், அப்பயனைத் தீமையின்றித் தரும் ஏற்பாடு எது என்ற கேள்வி எஞ்சியே நிற்கிறது.

நம்பிக்கை 3: அல்காரிதத்தை நீக்கினால் தளம் நலம்பெற்றுவிடும்.

உண்மை: எந்தப் பதிவை யாருக்கு முதலில் காட்டுவது என்று தீர்மானிக்கும் கணக்கீட்டு முறையே இங்கு அல்காரிதம் எனப்படுகிறது. பயனரை நெடுநேரம் திரையில் நிறுத்தி வைப்பதையே இலக்காகக் கொண்ட கணக்கீடு சினத்தையும் பரபரப்பையும் முன்னிறுத்தும் என்ற குற்றச்சாட்டுக்கு வலுவான காரணங்கள் உண்டு. அதனால்தான் மாஸ்டடானின் முகப்பு ஓடையில் பின்தொடரப்படுவோரின் பதிவுகள் கால வரிசையிலேயே வருகின்றன. எனினும் கால வரிசை மட்டுமே மருந்தாகிவிடுமா என்பதை 2020 அமெரிக்க அதிபர் தேர்தல் காலத்தில் நடந்த பெரும் சோதனை ஒன்று ஆராய்ந்தது. மெட்டா நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று மாத காலம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பயனர்களில் ஒரு பகுதியினரைக் கால வரிசை ஓடைக்கு மாற்றி, 2023இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் தளத்தில் செலவிட்ட நேரம் வெகுவாகக் குறைந்தது. ஃபேஸ்புக்கில் அவர்கள் கண்ட வசைமொழியும் குறைந்தது. ஆனால் நம்பத்தகாத மூலங்களிலிருந்து வந்த செய்திகள் அவர்களது ஓடையில் கூடின. அரசியல் மனப்பான்மையிலோ துருவமயத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் காணப்படவில்லை.

இம்முடிவு அல்காரிதத்துக்கு நற்சான்று வழங்குவதில்லை; மூன்று மாதங்களில் மாறாதது மூன்று ஆண்டுகளிலும் மாறாது என்று கொள்வதற்கும் இடமில்லை. ஓடையின் வரிசையை மாற்றுவது ஒரு பொறியியல் திருத்தம் என்பதும், அந்த ஓடைக்குள் யார் என்ன எழுதுகிறார்கள், பொய் பரவும்போது யார் தலையிடுகிறார்கள் என்பவை அத்திருத்தத்துக்கு அப்பாற்பட்டவை என்பதுமே இதிலிருந்து பெறத்தக்கவை.

நம்பிக்கை 4: மையம் இல்லாத வலையமைப்பில் அதிகாரமும் இல்லை.

உண்மை: மையத்தைக் கலைப்பதால் அதிகாரம் மறைவதில்லை, அது பல சிறு கைகளுக்குப் பிரிந்து போகிறது. மாஸ்டடான் சேவையகம் ஒவ்வொன்றிலும் விதியை வகுப்பவரும், கணக்கை நீக்குபவரும், பிற சேவையகத்தோடு உறவை முறிப்பவரும் அதன் நிர்வாகியே. தனிச்செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை, அதாவது அனுப்புநரும் பெறுநரும் மட்டுமே படிக்கும் வண்ணம் பூட்டப்படுவதில்லை என்பதால், நிர்வாகி விரும்பினால் அவற்றைப் படிக்க இயலும். சேவையகம் மூடப்படும் முன் கணக்கை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்பவரைப் பின்தொடர்பவர்கள் உடன்வருவார்கள். ஆனால் அவர் எழுதிய பழைய பதிவுகள் உடன்வருவதில்லை. பால்புதுமையினருக்கென இயங்கிய ஒரு சேவையகம் ஆப்கானிஸ்தானின் இணையப் பெயர் ஈற்றைப் பயன்படுத்தி வந்ததால், 2024 பிப்ரவரியில் தாலிபான் ஆட்சியின் கீழ் இருந்த அமைச்சகம் அப்பெயரை முடக்க, அச்சேவையகம் அந்த முகவரியையே இழந்தது.

இந்த அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் வழிகளை அச்சமூகத்தினரே கண்டறிந்து வருகின்றனர். 2017இல் தோன்றிய ‘சோஷியல்.கோஆப்’ என்னும் சேவையகம் கூட்டுறவுச் சங்கமாக நடக்கிறது: உறுப்பினர் தம் வசதிக்கேற்பச் சந்தா செலுத்தி, விதிகளையும் செலவையும் கூடிப் பேசி வாக்களித்து முடிவுசெய்கின்றனர். நெடுங்காலம் ரோச்கோ ஒருவரையே சார்ந்திருந்த மாஸ்டடான் மென்பொருளின் உரிமையை இலாப நோக்கற்ற ஐரோப்பிய அமைப்பு ஒன்றுக்கு மாற்றும் திட்டம் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அவரும் அவ்வாண்டு நவம்பரில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

நம்பிக்கை 5: நல்ல நோக்கத்தோடு தொடங்கிய தளத்துக்கு மட்டுறுத்தல் வேண்டியதில்லை.

உண்மை: மட்டுறுத்தல் என்பது பதிவுகளைக் கண்காணித்து, விதி மீறியவற்றை நீக்கியும் மீறியவரை எச்சரித்தும் வெளியேற்றியும் உரையாடலைப் பேணும் பணி. மாஸ்டடான் போன்ற திறந்த மூல மென்பொருளை, அதாவது நிரல் பொதுவில் வைக்கப்பட்ட மென்பொருளை, எவரும் எடுத்தாளலாம் என்பதால், அதன் நோக்கத்தைப் பகிராதவர்களும் அதனைப் பயன்படுத்துவர். தீவிர வலதுசாரிகளின் புகலிடமாகக் கருதப்பட்ட ‘கேப்’ 2019இல் மாஸ்டடான் நிரலுக்கு மாறியபோது, அதைத் தடுக்கும் ஒற்றைப் பொத்தான் எவரிடமும் இருக்கவில்லை. சேவையக நிர்வாகிகள் பலர் தனித்தனியே முடிவெடுத்து அதனோடு தொடர்பை முறித்ததால் அது பெரும்பாலான ஃபெடிவெர்ஸிலிருந்து ஒதுங்கியது. டொனால்ட் டிரம்பின் ‘ட்ரூத் சோஷியல்’ 2021இல் அதே நிரலின் மேல் எழுந்தபோது, உரிமத்தின்படி மூலநிரலை வெளியிடும்படி மாஸ்டடான் தரப்பால் கோர முடிந்ததேயன்றி, பயன்படுத்தாதே என்று சொல்ல முடியவில்லை.

தன்னார்வ மட்டுறுத்தலின் எல்லையை 2023 ஜூலையில் வெளியான ஸ்டான்ஃபோர்டு இணைய ஆய்வு மையத்தின் அறிக்கை வெளிப்படுத்தியது. பெயர்பெற்ற 25 மாஸ்டடான் சேவையகங்களில் இரண்டு நாள்களில் சேகரித்த ஏறத்தாழ 3,25,000 பதிவுகளில், சிறார் பாலியல் கொடுமையைக் காட்டும், முன்பே அடையாளம் காணப்பட்ட படங்கள் 112 இடங்களில் தென்பட்டன. பெருநிறுவனங்கள் இத்தகைய படங்களைத் தானாகவே கண்டுபிடிக்கும் கருவிகளையும் முழுநேரப் பணியாளரையும் வைத்திருக்க, சிறு சேவையகங்கள் பலவற்றில் அவ்வசதி இல்லாமையே இதற்கு முதன்மைக் காரணமாகச் சுட்டப்பட்டது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2006 முதல் இயங்கிவரும் ‘ஃப்ரன்ட் போர்ச் ஃபோரம்’. அண்டை அயலார் தம் உண்மைப் பெயரில் எழுதுபவற்றை ஊதியம் பெறும் பணியாளர்கள் வெளியீட்டுக்கு முன்பே படித்துப் பார்க்கின்றனர். தனிமனிதத் தாக்குதல் இருப்பின் பதிவு எழுதியவரிடமே திரும்புகிறது. ஏற்கப்பட்டவை பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை மின்னஞ்சல் மடலாகத் தொகுத்து அனுப்பப்படுகின்றன. உடனடியாகப் பதிலடி கொடுக்க முடியாத இத்தாமதம், சண்டை மூளும் வாய்ப்பைக் குறைக்கிறது. 2011இல் ஐரீன் புயல் வெர்மான்ட்டில் வெள்ளத்தை விளைவித்தபோது, உதவி கேட்போரையும் தருவோரையும் இணைக்க இம்மடல்கள் பயன்பட்டன.

நம்பிக்கை 6: சொந்த நாட்டில், சொந்த மொழியில் உருவான தளம் சமூகத்தின் தளமாகவே இருக்கும்.

உண்மை: உரிமையாளர் எந்த நாட்டவர் என்பதும், பயன்படுத்துவோருக்கு அத்தளத்தின் முடிவுகளில் பங்கு உண்டா என்பதும் வெவ்வேறு கேள்விகள். 2020இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ‘கூ’ தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் எழுத வாய்ப்பளித்தது. 2021இல் மத்திய அமைச்சர்கள் பலர் அங்கே கணக்குத் தொடங்கினர். எனினும் அது துணிகர முதலீட்டை, அதாவது விரைவான வளர்ச்சியை எதிர்பார்த்து இடப்படும் முதலீட்டை நம்பி, ட்விட்டரின் அமைப்பையே பின்பற்றி வளர்ந்த நிறுவனம். அதனை வேறு நிறுவனங்களோடு இணைக்கும் பேச்சுகள் பலிக்காததால் 2024 ஜூலையில் அது மூடப்படுவதாக நிறுவனர்கள் அறிவித்தபோது, பயனர்களுக்கு அம்முடிவில் எந்தப் பங்கும் இருக்கவில்லை. மறுபுறம், மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதைக் கண்டித்து 2019 நவம்பரில் இந்தியர் பலர் மாஸ்டடானுக்குச் சென்றனர். அவ்வலையமைப்பு வெளிநாட்டில் பிறந்ததாயினும், விரும்பினால் தாமே ஒரு சேவையகம் நிறுவித் தம் விதிகளை வகுத்துக்கொள்ளும் உரிமையை அது அவர்களுக்கு அளித்தது.

நம்பிக்கை 7: எல்லோரும் வந்து சேராத தளம் தோல்வியுற்ற தளம், எல்லோரும் வந்தால் செலவு தானே ஈடாகிவிடும்.

உண்மை: விளம்பரத்தில் வாழும் நிறுவனத்துக்கே தலையெண்ணிக்கை வருவாய்; உறுப்பினர் நன்கொடையில் வாழும் சேவையகத்துக்குப் புதிதாய் வருபவர் ஒவ்வொருவரும் கூடுதல் சேமிப்பகம், கூடுதல் மட்டுறுத்தல் என்ற செலவாகவும் வருகிறார். 2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிறுவனங்களுக்கென மாஸ்டடான் நிரலில் தொடங்கப்பட்ட ‘ஈயூ வாய்ஸ்’ முன்னோட்ட முயற்சி 2024 மே மாதம் முடிவுக்கு வந்தது. அதனை நடத்திய ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் அலுவலகத்தால் தொடர்ந்து ஏற்று நடத்தவோ, ஏற்று நடத்த மற்றொரு நிறுவனத்தைக் கண்டறியவோ இயலவில்லை. வளம் மிகுந்த அரசமைப்புகளிடையேயும் பராமரிப்புக்குப் பொறுப்பேற்பவர் இல்லாவிடில் தளம் நிலைக்காது என்பதற்கு இது சான்று. வெர்மான்ட் முயற்சியோ, ஏறத்தாழ ஆறரை லட்சம் மக்கள் வாழும் மாநிலத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினரைப் பெற்றும், உள்ளூர் விளம்பரங்களையும் நன்கொடையையும் கொண்டு மாநில எல்லையை ஒட்டியே இயங்கி, பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்திருக்கிறது.

ஆகவே ஒரு மாற்றுத் தளத்தை மதிப்பிடுபவர் கேட்க வேண்டியவை அதன் பயனர் எண்ணிக்கையைப் பற்றியோ நிரலின் புதுமையைப் பற்றியோ அல்ல. விதியை வகுப்பவர் யார், செலவை ஏற்பவர் யார், அன்றாட மட்டுறுத்தலைச் செய்பவர் யார், அவர் சோர்ந்து விலகினால் பொறுப்பேற்பவர் யார் என்பவையே. மாஸ்டடான் 2019இல் வெளியிட்ட சேவையக உடன்படிக்கை இக்கேள்விகளில் சிலவற்றை நிபந்தனைகளாக மாற்றியது. தன் அதிகாரபூர்வப் பட்டியலில் இடம்பெற விரும்பும் சேவையகம் இனவெறி, பாலினப் பாகுபாடு முதலியவற்றுக்கு எதிராக மட்டுறுத்தல் செய்ய வேண்டும்; நாள்தோறும் தரவைப் படியெடுத்து வைக்க வேண்டும்; அவசர காலத்தில் சேவையகத்தை அணுகும் வசதி குறைந்தது மற்றொருவருக்கேனும் இருக்க வேண்டும்; மூட நேர்ந்தால் மூன்று மாதங்களுக்கு முன்பே உறுப்பினருக்கு அறிவிக்க வேண்டும். தளம் தொடங்கும் நாளிலேயே அது மூடப்படும் நாளுக்கும் ஏற்பாடு செய்து வைக்கும் இக்கடைசி நிபந்தனையை ஏற்காத தளம், எத்துணை உயர்ந்த நோக்கத்தோடு பிறந்திருந்தாலும், தன் உறுப்பினரைப் பழையபடி வாடிக்கையாளராகவே நடத்துகிறது.