வெயிலைக் கொள்முதல் செய்யாதீர்!



கோடை வந்துவிட்டால் நம் கடைகளில் நன்னாரி சர்பத்தும் மோர் மிளகாயும் நன்றாக விற்கும். அந்த லாபத்தை வீட்டு மின்கட்டணம் வாரிக்கொண்டு போய்விடும். ஒரு மூட்டை சரக்கு வாங்க நாலு ஊரில் விலை விசாரிக்கும் நாம், வீட்டுக்குள் வெப்பம் எந்த வழியாக வருகிறது என்று ஒரு நாளும் விசாரிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் இடத்தில் முன்பக்கம் கடை. அதன்மேல் 2010-இல் கான்கிரீட் மாடி கட்டிக் குடியேறினோம். பின்பக்கம் என் தகப்பனார் காலத்துக் கிடங்கு. மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ். மாடியில் ஏ.சி. இருக்கிறது என்ற தைரியத்தில் ஜன்னல்களைச் சிறிதாக வைத்தேன்.

2012 கோடையில் மின்வெட்டு. ஏ.சி. நின்ற ஒரு மணி நேரத்தில் அறை அடுப்பாகிவிட்டது. எண்பதை நெருங்கிய என் தாயார் மயங்கிச் சாய்ந்தார். கைத்தாங்கலாக இறக்கிக் கிடங்கில் படுக்க வைத்தோம். அரை மணி நேரத்தில் கண் திறந்து தண்ணீர் கேட்டார். அதே வாரம் இன்னொன்றும் கண்டேன். இடமில்லாமல் மாடியில் வைத்திருந்த வெல்லச் சிப்பம் கசிந்து சாக்கில் ஒட்டியிருந்தது. கிடங்கில் இருந்த வெல்லம் கல்லாகவே இருந்தது. கிடங்கில் ஏ.சி. ஏது? அது வெப்பத்தை உள்ளே வாங்கவில்லை, அவ்வளவுதான். நான் வெப்பத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, அதை வெளியேற்றக் கரண்டுக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தேன்.

எனவே பாடம் இதுதான்: முதலில் வெப்பத்தின் வரவை நிறுத்துங்கள். பிறகு செலவைப் பாருங்கள்.

1. கூரை

சித்திரையில் நம் ஊர்களில் சூரியன் நேராக உச்சிக்கு வருகிறது. ஆகவே அதிக வெப்பம் வாங்குவது மொட்டை மாடிதான். பகலெல்லாம் குடித்த வெப்பத்தைக் கான்கிரீட் இரவில் நம் தலைமேல் இறக்குகிறது. குறைந்த செலவு மருந்து வெள்ளைப் பூச்சு. மாடியைக் கூட்டிக் கழுவி, முதல் நாளே நீற்றி வைத்த சுண்ணாம்பை வடிகட்டி, கொஞ்சம் பசை சேர்த்து, மாலை நேரத்தில் இரண்டு கை அடிக்க வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். மழையில் கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் பங்குனியில் அடிக்க வேண்டும். கையில் பணம் இருப்பவர்கள் தட்டோடு அல்லது வெள்ளை ஓடு பதிக்கலாம்.

2. மேற்குச் சுவர்

கூரைக்கு அடுத்தது மேற்குப் பக்கம். பிற்பகல் வெயில் சாய்ந்து நேரே ஜன்னலில் விழும். உள்ளே திரை போடுவதைவிட வெளியே மறைப்பது மேல். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதானே! மூங்கில் தட்டி போதும். நம்மிடம் பழைய சாக்குக்கும் பஞ்சமில்லை; இரண்டைத் தைத்துத் தொங்கவிடுங்கள். அடுப்புக்கும் மின்கம்பிக்கும் அருகில் மட்டும் வேண்டாம்.

3. காற்று

உள்ளூர்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் ஜன்னல்களை மூடி, வெளிக்காற்று ஆறியபின் திறந்துவிட வேண்டும். எதிரெதிர் ஜன்னல் இரண்டும் திறந்தால்தான் காற்று ஓடும். கடலோரத்தில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் திறந்துவிடலாம்.

4. ஈரம்

வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளிப்பது மதுரை, கரூர், வேலூர் போன்ற வறண்ட ஊர்களில் நல்ல பலன் தரும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினத்தில் காற்றே ஈரம். அங்கே புழுக்கம்தான் கூடும். ஏர் கூலருக்கும் இதுவே விதி. அதை ஜன்னல் திறந்து வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எந்த ஊரானாலும் சரக்கு அடுக்கிய இடத்தில் ஈரம் வேண்டாம். சர்க்கரை கட்டிப்படும், பருப்பு பூசணம் பூக்கும்.

5. மின்விசிறி

பழைய வகை மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. வகை 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாள் ஒன்றுக்கு 12 மணி நேரம் என்றால், இரண்டு மாதத்தில் பழையதற்கு 54 யூனிட். புதியதற்கு 22 யூனிட்டுக்குள். நான்கு விசிறி உள்ள வீட்டில் ஏறக்குறைய 130 யூனிட் மிச்சம். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் அது ஓடுவது வீண்.

6. ஏ.சி.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அது அவசியமாகலாம். ஆனால் முழு வேகத்தில் ஓடும் ஒன்றரை டன் ஏ.சி. ஏறத்தாழ இருபது பழைய விசிறிகளின் கரண்டை இழுக்கும். 18-இல் வைக்காமல் 26-இல் வைத்து, கூடவே விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

கடைசி யூனிட்டின் விலை

யூனிட் கூடினால் விலையும் படிப்படியாக ஏறும் என்பது தெரிந்ததே. ஆனால் 2022 செப்டம்பர் கட்டணப் பட்டியலைக் கவனியுங்கள். வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை ஓடினால் ரூ.1,725. 501 ஓடினால் ரூ.1,958. அந்த ஒரே யூனிட்டின் விலை 233 ரூபாய்! எல்லையைத் தாண்டியதும், இடையிலுள்ள 100 யூனிட்டுக்கு இருந்த குறைந்த விலை போய்விட்டதே காரணம். அதன்பின் கட்டணங்கள் மாறியிருந்தாலும், அன்றைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து எழுதும் பழக்கம் நல்லது. கடைக்குப் பேரேடு எழுதும் நமக்கு இது பெரிய வேலையா?

நான் மாடிக்குச் சுண்ணாம்பு அடித்து, மேற்கே தட்டி கட்டி, சிறிய ஜன்னல்களை இடித்துப் பெரிதாக்கினேன். ஏ.சி. இன்றும் இருக்கிறது, சில இரவுகளில் மட்டும் ஓடுகிறது. கரண்டு போனாலும் இப்போது பயமில்லை.

வெயிலில் ஒருவர் மயங்கி, உடல் கொதித்து, பேச்சுக் குழறினால் கைவைத்தியத்தில் நேரம் கடத்தாதீர்கள். நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

பங்குனி பிறக்குமுன் ஒருநாள் உச்சி வேளையில் உங்கள் படுக்கையறைக் கூரையில் கை வைத்துப் பாருங்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.