பொருத்தமான இணைப்புச் சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

இரு வாக்கியங்களுக்கு இடையேயுள்ள உறவைக் காட்டுவன இணைப்புச் சொற்கள். எனவே, ஆனால், ஏனெனில், மேலும், மாறாக, எடுத்துக்காட்டாக என்பன அவற்றுட் சில. கோடிட்ட இடத்திற்குரிய இணைப்புச் சொல்லை நான்கு விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் வினாவைத் தேர்வுகளில் காணலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்புவோர் எழுதும் சாட் தேர்விலும், ஆங்கிலத்தில், இவ்வகை வினா உண்டு.

கீழ்வரும் பகுதியைப் படியுங்கள்.

இந்தியாவின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் மழை பெறுகிறது. ________, தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரைப் பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் மிகுதியான மழை பெறுகிறது.

(அ) எனவே (ஆ) ஆகவே (இ) மாறாக (ஈ) எடுத்துக்காட்டாக

விடைகளை உடனே பார்க்காதீர்கள், கையால் மறைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாக்கியம் முதல் வாக்கியத்தின் விளைவைச் சொல்கிறதா, காரணத்தைச் சொல்கிறதா, அதனின்று வேறுபடுகிறதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இங்கே காற்றும் வேறு, காலமும் வேறு. எனவே விடை 'மாறாக'. தமிழ்நாடு இந்தியாவில்தானே இருக்கிறது என்று எண்ணி 'எடுத்துக்காட்டாக' என எழுதுவோர் உண்டு. எடுத்துக்காட்டு என்பது முன் சொன்ன கருத்தை மெய்ப்பிக்க வேண்டும். இங்கு இரண்டாம் வாக்கியம் அதிலிருந்து விலகிச் செல்கிறது. 'எனவே', 'ஆகவே' இரண்டும் ஒரே பொருளன. ஒன்று சரியெனில் மற்றதும் சரியாகிவிடும். ஒரே விடையுள்ள வினாவில் இரண்டையும் தயங்காமல் நீக்கலாம்.

காரணம் முன்னே வந்தால் 'எனவே'; பின்னே வந்தால் 'ஏனெனில்'. நாள்தோறும் இந்தி கேட்கும் உங்களுக்கு இது எளிது: 'இஸ்லியே' வருமிடத்தில் எனவே, 'க்யோங்கி' வருமிடத்தில் ஏனெனில். 'ஆனால்', 'ஆதலால்' இரண்டும் விரைந்து படிக்கும்போது ஒன்றுபோல் தோன்றும். முன்னது முரண், பின்னது காரணம்.

இனி, இதனை எண்ணிப் பாருங்கள்.

அவள் தில்லியில் வளர்ந்தவள். ஆனால், அழகாகத் தமிழ் எழுதுவாள்.

இலக்கணப் பிழை ஏதும் இல்லை. பாராட்டு போலவும் ஒலிக்கிறது. எனினும், 'தில்லியில் வளர்ந்தவர்க்குத் தமிழ் எழுத வராது' என்னும் கருத்து இதனுள் ஒளிந்திருக்கிறது. இரு வாக்கியங்களிலும் அது எழுதப்படவில்லை. 'ஆனால்' என்ற ஒரு சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது. உங்களைப் பற்றியும் யாரேனும் இவ்வாறு சொல்லக் கேட்டிருப்பீர்கள். 'அவள் நாள்தோறும் ஒரு பக்கம் தமிழ் எழுதிப் பழகினாள். எனவே, அழகாக எழுதுகிறாள்' என்றால் பெருமை ஊருக்கன்று, அவளது உழைப்புக்கே சேர்கிறது.

பயிற்சி

1. தில்லியில் குளிர்காலத்தில் கடுங்குளிர் நிலவுகிறது. ________, அந்நகரம் கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. (எனவே / ஏனெனில் / மாறாக)

2. சென்னை கடற்கரையில் அமைந்துள்ளது. ________, அங்கு அத்தகைய குளிர் இல்லை. (எனவே / ஏனெனில் / எடுத்துக்காட்டாக)

3. 'அவன் கிராமத்திலிருந்து வந்தவன். ஆனால், ஆங்கிலம் நன்றாகப் பேசுவான்.' இதில் ஒளிந்துள்ள கருத்து யாது? அக்கருத்து தோன்றாதவாறு மாற்றி எழுதுக.